அமெரிக்கக் கிராமங்களில் விவசாயிக்கு அரசு தரும் மானியம் உண்மையில் யாருக்குப் போய்ச் சேருகிறது?

அயோவாவில் ஒரு சின்ன ஊரில் விவசாயக் குடும்பங்களுக்கு வருமான வரிக்கணக்கு பார்க்கிறேன். விவசாயிகள் மார்ச் 1-க்குள் கணக்கைத் தாக்கல் செய்து வரியையும் கட்டிவிட்டால் காலாண்டுத் தவணை கட்ட வேண்டியதில்லை. அதனால் பிப்ரவரி முழுக்க என் மேசையில் பண்ணை வரவு செலவு எழுதும் ஷெட்யூல் எஃப் படிவம்தான். அதில் 4ஏ கட்டத்தில் அரசு மானியம் ஏறும். அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இதுதான்: பணம் நிலத்தைப் பார்த்து வருகிறது, கஷ்டத்தைப் பார்த்து வருவதில்லை.

எஃப்.எஸ்.ஏ. என்ற வேளாண் துறை அலுவலகத்தில் பண்ணைகளுக்கு 'பேஸ் ஏக்கர்' கணக்கு உண்டு. எப்போதோ அந்த நிலத்தில் எவ்வளவு மக்காச்சோளம், சோயா, கோதுமை போட்டார்கள் என்பதை வைத்து எழுதியது. இந்த வருடம் என்ன விதைத்தீர்கள் என்பது பெரிதல்ல, பழைய கணக்குப்படிதான் பணம். பேஸ் இல்லாத நாலு ஏக்கரில் தக்காளி, வெள்ளரி போட்டுச் சந்தையில் விற்பவருக்கு இந்தத் திட்டங்களில் ஒன்றும் கிடையாது.

விலை சரிந்தால் பணம் தரும் பி.எல்.சி., வருமானம் சரிந்தால் பணம் தரும் ஏ.ஆர்.சி. என்று இரண்டு திட்டங்கள், பயிருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது எளிது. நாட்டின் சராசரி விலை, சட்டம் குறித்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தருவார்கள். மக்காச்சோளத்துக்கு 2018 வேளாண் சட்டத்தில் அது புஷலுக்கு (அமெரிக்காவில் தானியம் அளக்கும் அளவு) 3.70 டாலர், 2025-ல் 4.10 ஆனது.

ஏ.ஆர்.சி.யில்தான் சிக்கல். பெரும்பாலானோர் எடுக்கும் வகையில், உங்கள் வயலைப் பார்க்காமல், நம்மூர் மாவட்டம் போன்ற கவுண்டி முழுவதன் சராசரி மகசூலைப் பார்ப்பார்கள். கவுண்டியின் அந்த வருட வருமானம், முந்தைய ஐந்து வருடக் கணக்கில் வரும் வருமானத்தில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பணம் (2025 விளைச்சலிலிருந்து 90). ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அடித்துவிட்டது, மற்ற இடமெல்லாம் நல்ல விளைச்சல் என்று வையுங்கள். உங்களுக்கு ஒரு காசு வராது, பயிர்க் காப்பீடுதான் கதி. கவுண்டி எல்லை ஒரு ஜல்லி ரோடாக இருக்கும். ரோட்டுக்கு அந்தப்பக்கம் கவுண்டி சராசரி விழுந்திருந்தால், அங்கே நன்றாக விளைந்தவருக்கும் பணம் வரும். வருவதும் அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபரில்தான்.

சீனாவோடு வர்த்தகச் சண்டை வந்தபோது கொடுத்த நிவாரணமும் இப்படித்தான். 2018-ல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். 2019-ல் கவுண்டிக்கு ஒரு விலை என்று மாற்றினார்கள், ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 வரை.

சரி, கையில் நிற்பது யாருக்கு? ரொக்கக் குத்தகை என்றால் மானியம் சட்டப்படி உழுகிறவருக்குத்தான். ஆனால் அதே படிவத்தில் கொஞ்சம் கீழே 24பி கட்டம் இருக்கிறது, நிலக்குத்தகை எழுதுவது. 4ஏ ஏறிய வருடத்துக்கு அடுத்த வருடம் 24பியும் ஏறியிருப்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். நிலச் சொந்தக்காரர் டிராக்டரில் ஏறியே பல வருடம் ஆகியிருக்கும். மானியம் வந்த சேதி மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும்.

மானியமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விலை சரிந்த வருடங்களில் 4ஏ இல்லாவிட்டால் நஷ்டத்தில் முடியும் குடும்பங்கள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் ஆளுக்கு 1,25,000 டாலர் என்றிருந்த உச்சவரம்பை 2025-ல் 1,55,000 ஆக்கியது தவறு என்றே நினைக்கிறேன். கணவன் மனைவி என்றால் அது இரட்டிப்பாகும், கூட்டாளிப் பண்ணை என்றால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி வரம்பு. அவ்வளவு பணம் பார்ப்பவர் பக்கத்து நிலம் குத்தகைக்கு வந்தால் ஏக்கருக்கு இன்னும் 30, 40 டாலர் கூடத் தர முடியும். முந்நூறு ஏக்கரில் புதிதாகத் தொடங்கும் இளைஞர் அந்தப் போட்டியிலேயே வெளியே போய்விடுகிறார்.