லிச்சென்ஸ்டைன் அச்சிட்ட மோனேயும் பிக்காசோவும்: கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்கப் பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிச்சென்ஸ்டைன், பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படங்களைப் புள்ளிகளாக அச்சடித்தது கிண்டலா, மரியாதையா?

பதில்: மரியாதை என்றே சொல்வேன். மோனே 1892 முதல் 1894 வரை ரூவான் பேராலயத்தின் முகப்பை முப்பது தடவைக்கு மேல் வரைந்தார். கட்டடம் ஒன்றுதான், வெளிச்சம்தான் வேறு வேறு. 1968-ல் கண்காட்சி அமைப்பாளர் ஜான் கோப்லன்ஸ் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் தொடர் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார். லிச்சென்ஸ்டைனுக்கு அது தூண்டுகோல். மறு வருஷமே லாஸ் ஏஞ்சல்ஸின் ஜெமினி ஜி.இ.எல். அச்சுக்கூடத்தில் பேராலயத் தொடரும் வைக்கோல் போர்த் தொடரும் வந்துவிட்டன. மோனே தூரிகையால் காட்டிய பொழுதுகளை இவர் மையை மாற்றிக் காட்டினார். வைக்கோல் போர் என்று நாம் சொல்கிறோமே தவிர, மோனே வரைந்தவை அடிக்காத கோதுமைக் கதிரை அடுக்கிய போர்கள்.

கேள்வி: பேராலய அச்சைக் கிட்டத்தில் பார்த்தால் வெறும் புள்ளிதான் தெரிகிறது. அச்சில் ஏதும் குறையா?

பதில்: குறை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். தாள் ஏறக்குறைய 120 செ.மீ. உயரம். எல்லைக்கோடு கிடையாது. புள்ளிகள் நெருங்கும் இடமும் விலகும் இடமும்தான் வாசல் வளைவாகவும் கோபுரமாகவும் திரள்கின்றன. மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய் நின்று கண்ணைச் சற்று இடுக்கிப் பாருங்கள். முகப்பு எழும். ஓர் அடி முன்னால் வையுங்கள், கலைந்துவிடும். போனில் சின்னதாகப் பார்ப்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: வலைத்துணி வழியே மையை அழுத்தும் ஸ்கிரீன் பிரிண்டில் இதே முறையை முயன்றேன். மஞ்சள் புள்ளிமேல் நீலப் புள்ளி போட்டால் அலை அலையாகக் கோலம் விழுகிறது.

பதில்: அது மொய்ரே. ஸ்கிரீன் எடுக்கும் இரண்டு புள்ளி ஃபிலிமுக்கும் நடுவே 3, 4 டிகிரி மட்டும் சாய்வு இருந்தால் அலை பெரிதாகவே விழும். 30 டிகிரி திருப்பி வையுங்கள். அலை சுருங்கிக் கண்ணுக்குத் தட்டாமல் போகும். ஃபிலிம் இரண்டையும் முதலில் லைட் டேபிளில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்கிரீன் எடுங்கள், ஒரு ஸ்கிரீன் மிச்சம்.

பழக 3 மி.மீ. புள்ளி போதும். மெஷ், அதாவது ஸ்கிரீனின் வலைத்துணி, செ.மீ.க்கு 77 இழை. ஸ்கிரீனுக்கும் தாளுக்கும் இடைவெளி 2 முதல் 3 மி.மீ. அதற்கு மேல் தூக்கினால் மை தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜி அழுத்தும்போது மெஷ் இழுபட்டுப் படமே நீளும், ஓரப் புள்ளிகள் இடம் மாறும். முதலில் வெளிர் நிறம், அது நன்றாகக் காய்ந்த பிறகு அடர் நிறம். மேலே விழும் மையில், அடியில் இருப்பது தெரியும்படி ஆக்கும் டிரான்ஸ்பரன்ட் பேஸ் கலந்தால்தான் இரண்டும் சேரும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். பத்துப் பன்னிரண்டு தாளுக்குப் பிறகு புள்ளிகள் சிறுத்தால், தண்ணீர் மை மெஷ்ஷிலேயே காய்கிறது என்று அர்த்தம். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சேருங்கள், ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஸ்கிரீனில் மை நிரப்பியே வையுங்கள்.

கேள்வி: நான் லித்தோ செய்கிறேன், எண்ணெய் மையும் தண்ணீரும் ஒட்டாததை வைத்துக் கல்லிலோ பிளேட்டிலோ அச்சடிப்பது. முதல் நிறம் சரியாக விழுகிறது, இரண்டாவது ஓரத்தில் தள்ளிப்போகிறது.

பதில்: நடுவில் பொருந்தி ஓரத்தில் மட்டும் விலகினால் பிளேட்டைக் குறை சொல்ல வேண்டாம், தாள் வளர்ந்திருக்கிறது. லித்தோவில் பிளேட் ஈரமாகவே இருக்கும், தாள் அதைக் குடிக்கும். 120 செ.மீ. தாள் ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தாலே 1.2 மி.மீ. போச்சு. கோட்டுப் படத்தில் தப்பித்துக்கொள்ளலாம், புள்ளிமேல் புள்ளி வைக்கும்போது முடியாது. தாள்களை ஒரு நாள் அச்சறையிலேயே பிரித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் தாளின் நார் ஒரே திசையில் இருக்கட்டும். மை இல்லாத ஈரப் பிளேட்டில் ஒருமுறை ஓட்டிவிட்டு அப்புறம் நிறம் ஏற்றுங்கள்.

கேள்வி: லிச்சென்ஸ்டைனின் காளைத் தொடர் பிக்காசோவின் காளை அச்சுகளின் காப்பிதானே?

பதில்: இல்லை, வேலை செய்த விதமே வேறு. பிக்காசோ 1945 டிசம்பரில் பாரிஸின் மூர்லோ அச்சுக்கூடத்தில் ஆரம்பித்து, ஒரே கல்லைச் சுரண்டிச் சுரண்டி 11 நிலைகள் எடுத்தார். அடுத்த நிலைக்குப் போனால் முந்தையது கல்லில் இருக்காது. கடைசியில் மிஞ்சியது சில கோடுகள். லிச்சென்ஸ்டைனின் 1973 தொடரில் ஆறு படங்கள், ஆறும் தனித்தனி. லித்தோ, ஸ்கிரீன் பிரிண்ட், மேடான கோடுகளில் மை தடவி அச்சிடும் லைன்கட் மூன்றும் அதில் உண்டு. முதல் காளை கறுப்பு வெள்ளை. ஆறாவதில் காளை போய் நிறத் தளங்களும் சாய்கோடுகளும்தான். டச்சுக்காரர் தியோ வான் டூஸ்பர்க் ஒரு பசுவைக் கட்டங்களாக்கிய வழி அது. பிக்காசோ கழித்துக்கொண்டே போனார், இவர் கலைத்து வேறொன்றாக அடுக்கினார். எனக்கு நான்காவது, ஐந்தாவது தாள்கள்தான் பிடிக்கும், கொம்பு எது என்று கண் இன்னும் தேடும் கட்டம்.

கேள்வி: அசல் அச்சா போஸ்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி வைத்து ஒரே ஒரு புள்ளியைப் பாருங்கள். அசலில் அது ஒரே மை, உள்ளே திட்டமான நிறம். நான்கு நிற ஆஃப்செட் போஸ்டரில் அந்தப் புள்ளிக்குள்ளேயே பொடிப்பொடியாக சயான், மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் தெரியும். பிறகு பென்சில் கையெழுத்து, எண், ஜெமினியின் புடைப்பு முத்திரை. தாளைச் சாய்வாக விளக்கில் பிடித்தால் முத்திரை மேடு தட்டும். கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அளவு, காகிதம், முத்திரை மூன்றையும் லிச்சென்ஸ்டைனின் அச்சுகளின் முழுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஃபிரேம் போடும்போது?

பதில்: அமிலமில்லாத மவுன்ட், அச்சை மவுன்டோடு பிடிக்க ஜப்பானியத் தாள் கீல், கோதுமை மாவுப் பசை. செல்லோடேப், சூடு வைத்து ஒட்டும் டிரை மவுன்ட் இரண்டும் கூடவே கூடாது. கண்ணாடி அச்சைத் தொடக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு அதில் மை ஒட்டிக்கொள்ளும்.