அப்பாவின் அடியை இயந்திரம் எப்படி அறியும்?

கேள்வி: பாரிசவாதம் வந்ததில் அப்பாவுக்கு வலது கால் இழுக்கிறது. காலில் மாட்டிக்கொண்டு நடக்கும் ரோபோவை யூடியூப்பில் பார்த்தேன். அவர் எப்போது அடி எடுப்பார் என்று அதற்கு எப்படித் தெரியும்? வயல் வரம்பில் நடக்க உதவுமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: மகள், உங்கள் கடிதம் கிடைத்த பின்னேரமே போனைக் கீழ்க்காலில் பண்டேஜால் இறுகக் கட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் நடந்தேன். போனுக்குள் இருக்கும் அசைவு உணரி திரையில் கோடு கீறும் ஒரு செயலி உண்டு. குதி தரையில் பட்ட ஒவ்வொரு தடவையும் கோடு ஊசிபோல எழும்பியது. அப்புறம் கடற்கரை மணலில் நடந்தேன். அதே கால்தான், ஆனால் ஊசி மழுங்கிவிட்டது.

ரோபோவும் இப்படித்தான் பார்க்கிறது. தொடை, கீழ்க்கால், பாதம் போன்ற இடங்களில் உணரி இருக்கும். பல கருவிகள் நொடிக்கு 100 தடவை அளக்கும். நாம் நடக்கையில் ஒரு கால் சுமார் 60 சதவீத நேரம் தரையில் ஊன்றியிருக்கும், மிச்சம் 40 காற்றில் வீசும். வீசும் நேரத்தில்தான் மோட்டார் முழங்காலை மடக்க வேண்டும். ஊன்றிய காலை மடக்கினால் ஆள் விழுந்துவிடுவார். சமதரையிலிருந்து படியில் ஏறும் அந்த ஓர் அடிதான் இன்னும் கஷ்டம், காலைத் தூக்குமுன்பே கணிக்க வேண்டும். ஜப்பானில் உருவான ஹால் என்ற கருவி, கால் அசையுமுன்பே தசைக்கு வரும் மின்சைகையைத் தோலின் மேலிருந்தே பிடிக்கிறது.

இனி அப்பாவின் விஷயம். பாரிசவாதத்துக்குப் பிறகு பலர் காலை வெளியே அரைவட்டமாகச் சுழற்றி, விரல் நுனியை முதலில் ஊன்றுவார்கள். குதியின் ஊசியே வராது. சுகதேகிகளின் நடையை மட்டும் படித்த இயந்திரம் வராத ஊசிக்காகக் காத்திருக்கும். அதனால் அவருடைய நடையையே அதற்குப் படிப்பிக்க வேண்டும். இத்தனை வருடம் இயன்மருத்துவராக இருந்து சொல்கிறேன், ஒரே மாதிரி இழுத்து நடந்த இருவரை நான் கண்டதில்லை.

வரம்பு இப்போதைக்கு வேண்டாம். ஒடுங்கிய, ஈரமான, சறுக்கும் மண். அங்கே கருவியின் பாரமே ஆபத்து. பாதம் தொங்கினால் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டி பலருக்கு நல்ல பலன் தருகிறது, அதைப் பற்றி முதலில் கேளுங்கள். விறாந்தையில் நடக்கவிடும்போது அவருடைய வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். வேறொருவரைக் கொண்டு பக்கவாட்டில் வீடியோ எடுங்கள், குதி தெரியவேண்டும். அடுத்த கிளினிக்கில் இயன்மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.