தெருவில் படுத்திருப்பவர்கள், காப்பகத்துக்குக் கூப்பிட்டாலும் வர மறுப்பது ஏன்? நாம் என்ன செய்யலாம்?

இரவுக் காப்பகம் ஒன்றின் வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதும் வேலையைச் சில வருடம் தன்னார்வலராகப் பார்த்தேன். "அவங்களுக்குத் தெரு பழகிப்போச்சு" என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒருவர் நாயோடு வந்தார். நாய்க்கு அனுமதி இல்லை என்றோம். "அப்ப சரி" என்று மழையில் இறங்கிப் போய்விட்டார். இன்னொரு நாள் கணவன் மனைவி. ஆண்களுக்கு ஒரு கட்டடம், பெண்களுக்கு வேறு கட்டடம் என்றதும் இருவருமே போய்விட்டார்கள். அடையாள அட்டையை மூட்டையோடு பறிகொடுத்தவரிடம் அட்டை கேட்டிருக்கிறோம். (அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.) ராத்திரி வேலைக்குப் போகிறவருக்கு, ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தி விடியற்காலையில் வெளியே அனுப்பும் இடத்தால் என்ன பயன்?

உள்ளே வந்தவர்களுக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. ஒரு பெரியவர் கட்டிலைத் தூக்கி, அதன் கால்களுக்கு அடியில் செருப்பை வைத்து இறக்கிவிட்டுத்தான் படுப்பார். யாரும் உருவ முடியாதே!

"முதலில் குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, அப்புறம் வீடு" என்பதுதான் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கி, முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். பின்லாந்து 2008 முதல் அதையே அரசுத் திட்டமாக்கி, பழைய காப்பகங்களைக் குடியிருப்புகளாக மாற்றியது. என் கட்சி அதுதான். ஆனால் இன்று ராத்திரிக்குக் காப்பகமும் வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது: உதவி எண்ணை அழைக்கும்போது ஆள் இருக்கும் இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். காப்பகத்தில் என்ன விதிகள் என்று கேட்டு, அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடுங்குளிரில் ஒருவர் நாக்குழறிப் பேசினால் குடிபோதை என்று முடிவுகட்டாதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலும் அப்படித்தான் இருக்கும். நடுக்கம் தானாக நின்றுபோனால் இன்னும் ஆபத்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சூட்டுக்கென்று மது கொடுக்கக் கூடாது. போர்த்தினால் மட்டும் போதாது, தரை சூட்டை இழுத்துவிடும். அடியில் அட்டையாவது விரியுங்கள்.

அந்த நாய்க்காரருக்காகச் சண்டை போட்டுப் பின்வராந்தாவை நாய்களுக்கு ஒதுக்க வைத்தோம். வந்தார். முதல் ராத்திரி அவருக்கென்று போட்ட கட்டில் காலியாகவே கிடந்தது. ஆள் வராந்தாவில், நாய்க்குப் பக்கத்தில்.