திறக்காத கண்ணாடிக்குத் திறக்கும் பணப்பை: நுகர்வோர் கேள்வி-பதில்

ஸ்போர்ட்ஸ் கார்களில் கதவுக்குப் பின்னால், ஏறாமலும் இறங்காமலும் பாடியோடு ஒட்டியபடியே இருக்கும் சிறிய பக்கக் கண்ணாடியைக் கடைக்காரர்கள் ‘குவார்ட்டர் கிளாஸ்’ என்பார்கள். அது உடைந்து தவிப்பவர்கள் நம் வாசகர்களில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விலையுயர்ந்த கார் வைத்திருப்பதற்காகக் கேட்கப்பட்டிருந்த மன்னிப்புகளை முதலில் நீக்கினேன்.

கேள்வி: 2008ஆம் ஆண்டு போர்ஷே 911 காரைப் பழைய வண்டியாக வாங்கினேன். கல் பட்டு இடதுபுறக் குவார்ட்டர் கிளாஸ் நொறுங்கிவிட்டது. கம்பெனி சர்வீஸ் மையத்தில், வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இரண்டு மாதம் ஆகும் என்றும் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்ட வேண்டும் என்றும் கூறுகிறார்கள். உள்ளூர்க் கண்ணாடிக் கடைக்காரர், அளவெடுத்து இரண்டே நாளில் வெட்டித் தருவதாகச் சொல்கிறார். எது சரி? (கோவை)

பதில்: உடைந்தபோது உங்கள் கண்ணாடி அரிசி நொய்போலச் சிறு துண்டுகளாகச் சிதறியிருந்தால் அது டஃபண்டு கண்ணாடி. அந்தக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு இறுகி அழுத்தத்திலும், உட்பகுதி இழுவிசையிலும் நின்றுவிடுகின்றன. அப்படிப் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ உலகில் எந்தக் கடைக்காரராலும் முடியாது. ஓரத்தில் கருவி பட்டாலே மொத்தமும் நொறுங்கிவிடும். எனவே, வளைவோடு கூடிய அந்தக் கண்ணாடியை இரண்டு நாளில் ‘வெட்டித் தருகிறேன்’ என்பவர் உங்களுக்குத் தரப்போவது பதப்படுத்தாத சாதாரணக் கண்ணாடியாகத்தான் இருக்க முடியும். மேசைக்குப் போடும் அந்தக் கண்ணாடி, விபத்தில் நொய்யாக உதிராமல் கத்தி முனைகளாக உடையும். வாகனங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியே பொருத்த வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி சொல்வது இதற்காகத்தான்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். உடையாமல் இருக்கும் வலதுபுறக் கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் பெயர், வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் அனுமதி வழங்கிய நாட்டின் எண்ணும் (ஜெர்மனிக்கு 1, இத்தாலிக்கு 3), வாகனக் கண்ணாடிக்கான சர்வதேச விதியைக் குறிக்கும் ‘43ஆர்’ என்ற குறியீடு ஆகியவை அதில் இருக்கும். வரும் கண்ணாடியிலும் அதே வகை முத்திரை இருக்க வேண்டும். இந்தியாவில் தயாரானது என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள்.

இரண்டு மாதம் காத்திருப்பது வேறு, முழு முன்பணம் கட்டுவது வேறு. பாக எண், உங்கள் காரின் 17 இலக்கச் சேசிஸ் எண், தருவதாகச் சொன்ன தேதி, தராவிட்டால் பணம் திரும்புமா என்பது ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகு, ஒரு பகுதியை மட்டும் கட்டப் பேசிப் பாருங்கள். பிரித்த காரிலிருந்து எடுத்த பழைய கண்ணாடியையும் வாங்கலாம். ஆனால் அதைச் சுற்றி வார்த்திருக்கும் ரப்பர் விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். நான் ஒரு பழைய கூபேவுக்கு (இரண்டு கதவுக் கார்) அப்படி வாங்கிய கண்ணாடியில் கீறல்கூட இல்லை. விளிம்பு ரப்பர் மட்டும் காய்ந்த சுண்டைக்காயாக வெடித்திருந்தது. அது தனியாக விற்கப்படுவதில்லை என்பதால் புதிய கண்ணாடியையே வாங்க நேர்ந்தது. பழையது இன்னும் பரண்மேல் இருக்கிறது.

கேள்வி: கார்க் கண்ணாடியை ஒட்டும் பி.யு. (பாலியூரித்தேன்) பசைக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சிலிக்கானைப் போட்டு நானே ஒட்டிக்கொள்ளலாமா? (திருச்சி)

பதில்: கூடாது. சிலிக்கானை மீன்தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் லம்போர்கினி கல்லார்டோவின் பக்கக் கண்ணாடியை ஒரு தனியார் கடையில் மாற்றினேன். பில் இல்லாவிட்டால் வரி மிச்சம் என்றார்கள், சரி என்றேன். ஒரு மாதத்தில், வேகமெடுத்தால் விசில் சத்தம் கேட்கிறது. மழை பெய்தால் இருக்கைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்கிறது. இப்போது, ‘அது நாங்கள் செய்த வேலையே இல்லை’ என்கிறார்கள். (சென்னை)

பதில்: ஐயா, உங்கள்மீது எனக்குக் கோபமும் இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. கோபத்தை முதலில் தீர்த்துக்கொள்கிறேன். இந்தியாவில் கோடிகளில் விலை பேசப்பட்ட காருக்கு, வரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பில்லை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். பில் வேண்டாம் என்று உங்களைச் சொல்லவைத்த கடைக்காரர் மிச்சம் பிடித்தது வரியை மட்டுமன்று. பின்னாளில் வரக்கூடிய பொறுப்பையும் சேர்த்தேதான்.

இந்த வேலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடித்து நிறுத்துவது எதுவும் தெரியாது. பழைய கண்ணாடியின் மிச்சத்தைக் கத்தியால் நெம்பாமல் கம்பியால் அறுத்தெடுக்க வேண்டும். நெம்பினால் பெயின்ட் கீறும், பக்கவாட்டுப் பெயின்ட் வேலையின் செலவோ கண்ணாடியின் விலையையே தாண்டிவிடும். பாடியின் விளிம்பில் பழைய பசையை முழுதும் சுரண்டிவிடாமல், ஓரிரு மில்லிமீட்டர் படலமாக விட்டுச் சீவ வேண்டும்; கீறல் விழுந்த இடத்தில் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூச வேண்டும். புதிய கண்ணாடியின் ஓரத்திலுள்ள கறுப்புப் பட்டையைத் துடைத்து, அதற்கும் உரிய பிரைமரைப் பூசி, குழாயில் காலாவதித் தேதி தாண்டாத பாலியூரித்தேன் பசையை அறுபடாத ஒரே வரியாகப் போட்டு, காய்வதற்குரிய நேரம் முழுவதும் காரை அசைக்காமல் நிறுத்த வேண்டும். அந்தக் கறுப்புப் பட்டை அழகுக்காக இருப்பதன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் பசை நைந்துபோகும் என்பதால் அதை மறைப்பதற்காக இருப்பது. உங்கள் கல்லார்டோவின் சட்டகம் அலுமினியம் என்பதால், மின்சாரம் கடத்தாத வகைப் பசையைத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் வெவ்வேறு உலோகங்கள் சேருமிடத்தில் அரிப்பு தொடங்கும். இவற்றில் ஒன்றை விட்டாலும் கண்ணாடி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வண்டியை ஒப்படைக்கும் நாளில் பளபளவென்றும் இருக்கும். விசில் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்கும். பசை எந்த நிறுவனத்தினுடையது, பிரைமர் போடப்படுமா, எத்தனை மணி நேரம் நிறுத்துவீர்கள் என்று வேலைக்கு முன்பே கேட்டு, அதை எழுத்தில் வாங்குபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சீட் கவரின் நிறத்துக்கு அரை நாள் யோசிப்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. இந்த விஷயத்தில் நான் பேசத் தொடங்கினால் வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி இரக்கம். பில் இல்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. பில்லோ ரசீதோ தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், வண்டியை விட்ட நாளில் எடுத்த படம் ஆகிய எல்லாமே சான்றுகள்தாம். நீர் கசியும் இடத்தை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, காரணத்தை எழுதி வாங்குங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதுவரை அந்தக் கடைக்காரரை மறுபடியும் அந்தக் கண்ணாடியைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: காப்பீட்டு நிறுவனம், கண்ணாடியின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிட்டது. பாலிசியில் அப்படித்தான் இருக்கிறது என்று முகவர் சொல்கிறார். (சேலம்)

பதில்: முகவர் பாலிசியைப் படித்ததில்லை. வழக்கமான முழுக் காப்பீட்டில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குத்தான் 50 சதவீதம் கழிக்கிறார்கள். ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதம். கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானமே இல்லை. உங்கள் விஷயத்தில், கண்ணாடியோடு சேர்த்து வார்த்த ரப்பர் விளிம்பைக் காரணம் காட்டி, முழுப் பாகத்தையும் ரப்பர் கணக்கில் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) எழுதியிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, ஒரே பாக எண்ணில் விற்கப்படும் கண்ணாடி இது என்பதைக் கம்பெனி விலைப்பட்டியலோடு சேர்த்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் (நிறுவனத்தைச் சாராத குறைகேட்பாளர்) அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம். கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு சொல். இழப்பீடு கேட்பதற்கு முன்பு, கிளெய்ம் செய்யாததற்காகக் கிடைத்துவரும் தள்ளுபடி எவ்வளவு என்று பாருங்கள். அது 50 சதவீதத்தை எட்டியிருந்தால், விலையுயர்ந்த காரின் அடுத்த ஆண்டு பிரீமியத்தில் இழப்பது இந்தக் கண்ணாடியின் விலையைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

கேள்வி: வெளிநாட்டு ஆசாமி ஒருவரிடம் முகநூல் வழியாகப் பேசி, வங்கி மூலம் பணம் அனுப்பிக் கண்ணாடி வாங்கினேன். வலதுபுறத்துக்குக் கேட்டேன், இடதுபுறத்துக்கானது வந்தது, அதுவும் உடைந்து. அவர் பதில் தருவதில்லை. நுகர்வோர் ஆணையம் உதவுமா? (திருப்பூர்)

பதில்: இந்திய வாடிக்கையாளர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு இணையத் தளங்களையும் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கட்டுப்படுத்தும். முகம் தெரியாத ஒருவருக்கு நீங்கள் நேரே அனுப்பிய பணத்தை அவை மீட்டுத் தரா. வங்கியிடம் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள், சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணிலும் சொல்லுங்கள், நம்பிக்கை வைக்காதீர்கள். இடம், வலம் என்பவை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னே பார்க்கும்போது வருபவை. வண்டியின் எதிரில் நின்று கை காட்டிச் சொல்லியிருப்பீர்கள்.

கேள்வி: டொரொன்டோவில் வசிக்கிறேன். டிலோரியன் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதன் கதவுக் கண்ணாடி முழுவதும் இறங்காது என்கிறார்கள். அது பழுதா? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: பழுதன்று, பிறவிக்குணம். பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் 1981 முதல் சுமார் 9000 எண்ணிக்கையில் தயாரான அந்தக் காரின் கதவு, பறவைச் சிறகைப்போல மேல்நோக்கித் திறக்கும். வளைந்த பெரிய கண்ணாடி உள்ளே இறங்குவதற்குக் கதவில் இடம் இல்லை. ஆகவே பெரும்பகுதியை நிலையாகப் பதித்துவிட்டு, சுங்கச்சாவடியில் காசு நீட்டும் அளவுக்கு ஒரு சிறு துண்டை மட்டும் இறங்கவிட்டார்கள். மெக்லாரன் எஃப்1 காரிலும் இதே ஏற்பாடுதான். டிலோரியன் நிறுவனம் மூடிய பின் மிஞ்சிய பாகங்களின் கிடங்கு டெக்சாஸில் இருக்கிறது. விலை பேசுவதற்கு முன்பு அந்த நிலையான துண்டுக்கு அங்கே விலை கேட்டு எழுதி வாங்குங்கள். கதவின் உட்பக்கத் துணியில் நீர்க் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஏ.சி. வேலை செய்யாத டிலோரியனை மட்டும் கோடையில் ஓட்டிப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் போட்டால் எடையும் குறையும், விலையும் குறையும் என்கிறார் நண்பர். ஃபெராரியே அப்படிச் செய்ததாமே? (கோவை)

பதில்: 1987இல் வந்த எஃப்40 காரின் தொடக்க வண்டிகளில் பிளாஸ்டிக் பக்க ஜன்னல்கள் இருந்தது உண்மை. பந்தயத்தை மனத்தில் வைத்துக் கட்டிய கார் அது. உங்கள் வண்டி அவிநாசி சாலையில் போகிறது. ஈரத்துணியால் துடைத்தாலே கீறல் விழும் ஷீட்டுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதில் சொல்லப்போவது நண்பர் அல்லர்.

கேள்வி: புதிய கண்ணாடிமேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டியே தந்தார்கள். சிறிய கண்ணாடி என்பதால் சட்டம் பொருந்தாது என்றார்கள். போலீஸ் அபராதம் போட்டுவிட்டது. (வேலூர்)

பதில்: சிறியது, பெரியது என்ற பாகுபாடு விதியில் இல்லை, பக்கக் கண்ணாடி என்றால் 50 சதவீத ஒளியாவது ஊடுருவ வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த விதித் திருத்தம், உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியை அனுமதித்தது. அதன் அடிப்படையில், அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் கூறியது. உங்களுக்கு ஒட்டியது கறுப்பு. எந்தத் தீர்ப்பும் அதைக் காப்பாற்றாது. ஆனால் பொய் சொல்லி ஒட்டியவரிடம் ஃபிலிமின் விலையையும் அபராதத் தொகையையும் திருப்பிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: இடதுபுறக் கண்ணாடி உடைந்தது. நிறம் பொருந்தாது, இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள் என்கிறார் சர்வீஸ் ஆலோசகர். (சென்னை)

பதில்: ஒரே பாக வரிசைக் கண்ணாடிக்கு நிறம் ஏன் மாறும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்.