குறைமாசத்துல பிறந்த, உடனே அழாத பிள்ளை பின்னாடி பேச்சு, படிப்புல பிந்திருமா?

இத கேட்ட மதினியோட பிள்ளை 34 வாரத்துல பிறந்திருக்கு, பிறந்த 1 நிமிஷத்துல மூச்சு, நாடித்துடிப்பெல்லாம் பாத்து பத்துக்கு போடுற அப்கார் ஸ்கோர் 4, அப்புறம் 5 நிமிஷத்துல 8. மதினி, முதல்ல அந்த 4-ஐ மனசுலருந்து எடுத்துருங்க. 1950கள்ல வெர்ஜினியா அப்கார்ங்கிற மயக்கமருந்து டாக்டரம்மா அத கொண்டுவந்ததே, பிறந்த பிள்ளைக்கு அந்த நேரத்துல உடனே உதவி வேணுமான்னு பாக்கத்தான், அறிவ அளக்க இல்ல.

ஹவாய்ல கவாய் தீவுல 1955ல பிறந்த 698 பிள்ளைகள எம்மி வெர்னர்ங்கிற உளவியல் ஆய்வாளரோட குழு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே வந்தாங்க, அதுல பிரசவத்துல லேசா சிக்கல் வந்த பிள்ளைங்க நல்ல கவனிப்பு இருந்த வீட்டுல பெரும்பாலும் சரியாயிருச்சு, வறுமையும் சண்டையும் சேந்த வீட்டுலதான் பாதிப்பு கூடுதலா தெரிஞ்சுது. ஆனா மூளைக்குள்ள ரத்தக்கசிவு, பிறந்ததும் வலிப்பு இதெல்லாம் வேற கதை, அதுக்கு ஆபத்து நெசமாவே கூட, விடாம செக்கப் போகணும்.

இன்னொன்னு, 40 வாரக் கணக்குல 6 வாரம் முந்தி வந்த பிள்ளைய 6 மாசத்துல நாலரை மாசப் பிள்ளையாத்தான் பாக்கணும், 2 வயசு வர இந்த கணக்குதான். எங்க அக்கா மவன் அம்பாசமுத்திரத்துல இப்படித்தான் பிறந்தான், பக்கத்து வீட்டு ஆச்சி "இன்னும் குப்புற விழலியா"ன்னு கேட்டு கேட்டே அவள அழ வச்சிட்டாங்க, பாவம், கணக்கு தெரிஞ்சிருந்தா அவ்வளவு தவிச்சிருக்க மாட்டா.

கண்ணு, காது டெஸ்ட் ரெண்டும் எடுத்தாச்சான்னு பாருங்க. குறைமாசப் பிள்ளைக்கு விழித்திரை டெஸ்ட்ட முதல் மாசத்துலயே பாத்துரணும், தள்ளிப் போடாதீங்க.