பீச், பிளம்ஸ், செர்ரி, ஆப்ரிகாட் போன்ற கொட்டைப் பழங்களில் எதில் சத்து அதிகம்?

புதுப் பழமாகத் தின்பதென்றால் ஆப்ரிகாட். அதுவும் வைட்டமின் ஏ என்ற ஒரே காரணத்துக்காக. மற்றபடி நீங்கள் கேட்ட நான்குக்கும் இடையே உள்ள சத்து வித்தியாசம், கடையில் அவற்றின் விலைக்குள்ள வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

நான் கீழக்கரைக்காரி, ஊட்டச்சத்தியல் படித்தவள். எங்கள் பக்கம் இந்தப் பழங்கள் இரண்டு வழியாக வந்து சேர்கின்றன. கொடைக்கானல் பிளம்ஸும் பீச்சும் மதுரை வழியாக ராமநாதபுரம் பழக்கடைகளுக்கு வரும். ஆப்ரிகாட் பெரும்பாலும் துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ விடுப்பில் வருகிறவர்களின் பெட்டியில், உலர்ந்து சுருங்கிய கோலத்தில் வரும். சொல்லவேண்டிய செய்தி இந்த இரண்டாவது வழியில்தான் நிறைய இருக்கிறது. புதுப் பழக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலை வைத்துச் சொல்கிறேன், எல்லாம் 100 கிராம் சதைக்கு. பீச்சில் ஏறத்தாழ 40 கலோரி, பிளம்ஸில் 46, ஆப்ரிகாட்டில் 48, இனிப்புச் செர்ரியில் 63. சர்க்கரை பீச்சில் 8 கிராம் என்றால் செர்ரியில் 13 கிராம்; மற்ற இரண்டும் நடுவில். நார்ச்சத்து எல்லாவற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான். வைட்டமின் சி எதிலும் 10 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 மில்லிகிராம் வேண்டும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. ஆகவே வைட்டமின் சிக்காக யாரும் பீச் வாங்க வேண்டாம். வைட்டமின் ஏ மட்டும் ஆப்ரிகாட்டில் 96 மைக்ரோகிராம், பீச்சிலும் பிளம்ஸிலும் 16, 17. அந்த ஆரஞ்சு நிறமே, உடலுக்குள் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின்தான். நெக்டரின் என்று தனியாக ஒன்று விற்கிறார்களே, அது தோலில் சுணை இல்லாத பீச், அவ்வளவுதான்.

ஆறு மடங்கு என்றதும் ஆப்ரிகாட்டைத் தேடி ஓடவேண்டியதில்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையில் 100 கிராமுக்கு 370 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் ஏ இருக்கிறது.

உங்கள் பட்டியலில் ஒரு பெரிய ஆள் விடுபட்டிருக்கிறார். மேலே தோல், நடுவில் சதை, உள்ளே கல் போன்ற ஓட்டுக்குள் விதை என்று அமைந்த பழத்தைத் தாவரவியலில் உள்ளோட்டுச் சதைக்கனி என்பார்கள். அந்தக் கணக்கில் மாம்பழமும் கொட்டைப் பழம்தான். மாம்பழத்தில் வைட்டமின் சி 36 மில்லிகிராம், அதாவது பீச்சைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். வைட்டமின் ஏ 54 மைக்ரோகிராம். ஃபோலேட் என்ற பி வைட்டமினும் நன்றாகவே உண்டு. சர்க்கரை செர்ரியைவிடக் கொஞ்சம்தான் கூட. சிக்கல் அளவில் இருக்கிறது. பிளம்ஸ் ஒன்று தின்றால் 30 கலோரியோடு முடிந்துவிடும். ஒரு முழு சப்பட்டை மாம்பழத்தைத் தின்றுவிட்டு, ஒரு பழம்தானே தின்றேன் என்றால் ரத்தச் சர்க்கரை ஒப்புக்கொள்ளாது.

நம் மண்ணில் தானாக வளரும் இலந்தையும் இதே வகைதான். புதுப் பழத்தில் வைட்டமின் சி ஏறத்தாழ 70 மில்லிகிராம். ஏழு பீச் தின்றாலும் அந்த அளவைப் பிடிப்பது கடினம். பள்ளிக்கூட வாசலில் விற்கும் இலந்தை வடையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் வெல்லமும் உப்பும் மிளகாயும் உண்டு; உலர்த்தி இடித்ததில் வைட்டமின் சியும் பெரும்பகுதி போயிருக்கும். சுவைக்காகத் தின்னுங்கள், நானும் தின்பேன். சாயல்குடிப் பக்கம் ஆவணியில் விழும் பனம்பழமும் கொட்டைப் பழமே. சுட்டுப் பிழிந்தால் வரும் அந்த ஆரஞ்சுக் களியிலும் கரோட்டின் உண்டு. கடைசியில் நாக்கில் நிற்கும் லேசான கசப்பு பிடிக்காதவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

இனி உலர்ந்த பழம். நோன்புக் காலத்தில் எங்கள் வீடுகளில் பேரீச்சையோடு உலர் ஆப்ரிகாட்டும் தட்டில் வந்துவிடும். என் மாமிக்குச் சர்க்கரை நோய். "இனிப்புப் பலகாரம் எதையும் நான் தொடுவதில்லை, பழம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வார். "மாமி, அந்தக் கைப்பிடியில் நான்கைந்து தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது" என்றேன். "பழத்துச் சர்க்கரை ஒன்றும் செய்யாதும்மா, உன் மச்சான் கொண்டுவந்தது" என்றார். மச்சான் கொண்டுவந்ததைக் குறைசொன்னதாக ஆகிவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கணக்கு இதுதான். புதிய ஆப்ரிகாட்டில் 86 விழுக்காடு தண்ணீர். உலர்த்தும்போது தண்ணீர் போய் மற்றதெல்லாம் செறிகிறது. 100 கிராமில் சர்க்கரை 9 கிராமிலிருந்து 53 கிராமாகிறது. கலோரி 48 என்பது 241 ஆகிறது. நல்லதும் சேர்ந்தே ஏறுகிறது: நார்ச்சத்து 7 கிராம், இரும்பு இரண்டரை மில்லிகிராமுக்கு மேல், பொட்டாசியம் 1,160 மில்லிகிராம். வைட்டமின் சி மட்டும் 10 மில்லிகிராமிலிருந்து ஒன்றாக இறங்கிவிடுகிறது. பீச்சுக்கும் பிளம்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய்வதைவிட, ஒரே ஆப்ரிகாட் புதிதாகவும் உலர்ந்தும் இருக்கும்போது உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது எத்தனையோ மேல். பழமாக இரண்டு தின்கிறவர், உலர்ந்தது என்பதற்காகப் பத்து தின்கிறார். நோன்பு திறக்கும்போது பேரீச்சை ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு நான் இரண்டு, மிஞ்சினால் மூன்று என்பேன். அதுவும் கஞ்சி குடித்த பிறகு.

இன்னொன்று, பளிச்சென்ற ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட்டில் நிறம் மங்காமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு ஏற்றியிருப்பார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சை இழுக்க வைக்கும். அழுக்குப் பழுப்பாக இருப்பது பெரும்பாலும் கந்தகம் ஏற்றாதது. கமருத்தீன் என்று தாள்போல மடித்து வரும் ஆப்ரிகாட் களியை வாங்கினால் உறையைப் படியுங்கள். பலவற்றில் சர்க்கரை தனியாகச் சேர்த்திருக்கிறது.

பிளம்ஸை உலர்த்தினால் புரூன்ஸ். மலச்சிக்கலுக்கு அது கைகொடுப்பது உண்மை. நார்ச்சத்தோடு சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் நிறைய இருப்பதுதான் காரணம். நான்கைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

செர்ரி தின்றால் தூக்கம் வரும், மூட்டுவாதம் போகும் என்று வரும் செய்திகளின் பின்னால் இருக்கும் ஆய்வுகளில் பலவும் புளிப்புச் செர்ரியையும் அதன் சாற்றையும் பற்றியவை. நமக்கு வருவது காஷ்மீரின் இனிப்புச் செர்ரி. பேக்கரி கேக் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பல நேரங்களில் செர்ரியே அல்ல, பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய களாக்காய்.

ஆப்ரிகாட் கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்றால் புற்றுநோய் குணமாகும், அதுதான் பி17 வைட்டமின் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அந்தக் கசப்புப் பருப்பில் இருக்கும் அமிக்டலின் வயிற்றுக்குள் போனால் சயனைடாக மாறும். பீச், பிளம்ஸ், செர்ரி கொட்டைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். குழந்தைகள் கையில் கொடுத்து உடைத்து விளையாட விடாதீர்கள்.

வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளம்ஸும் பீச்சும் பறித்த பிறகும் பழுக்கும், செர்ரி பழுக்காது. காயாக இருக்கும் பீச்சை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே மாவுமாவாகிவிடும். வெளியே வைத்து, காம்படியில் அமுக்கினால் லேசாக உள்வாங்கும் பதம் வந்த பிறகு உள்ளே வையுங்கள். பிளம்ஸின் தோலை உரிக்காதீர்கள். அந்தக் கருஞ்சிவப்பு நிறமிகள் தோலில்தான் அதிகம்.

பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ஆகவே வீட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யாராவது இருந்தால், மேலே சொன்ன 1,160 மில்லிகிராம் பொட்டாசியத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, உலர் ஆப்ரிகாட்டையும் புரூன்ஸையும் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். புதுப் பழம்கூட எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லட்டும்.