புள்ளி கலங்காமல் வீடியோவைச் சுருக்க முடியுமா?

கேள்வி: சுங்குடிப் புடவை விற்கிறோம். சொந்தமாக வெப்சைட் ஆரம்பித்து, புடவையை விரித்துக் காட்டும் சின்ன வீடியோக்களைப் போடலாம் என்று பார்த்தால் 40 விநாடிக்கே 85 எம்பி வருகிறது. ஜிப் செய்து பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பி அதை எடுத்துப் போட்டால் அளவு குறைகிறது, ஆனால் புள்ளியெல்லாம் கலங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரில் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, சின்னாளபட்டி

பதில்: போன் எடுக்கும்போதே வீடியோவைச் சுருக்கித்தான் வைக்கிறது, அதனால் ஜிப்புக்கு அங்கே வேலை இல்லை. 1080 அளவில் (ஃபுல் எச்டி) எடுத்தால் பல போன்கள் விநாடிக்குச் சுமார் 17 மெகாபிட் எழுதும். அதை 40ஆல் பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 85 வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் போய்வந்த வீடியோவைத் தூக்கிப் போடுங்கள். போன புள்ளி திரும்பி வராது. ஒரிஜினலைக் கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் திறங்கள். ப்ரீசெட்டில், அதாவது தயாராக இருக்கும் அமைப்புகளின் பட்டியலில், 'ஃபாஸ்ட் 720பி30' போதும். அப்புறம் வீடியோ பகுதியில் ஆர்எஃப் என்று ஓர் எண் இருக்கும், அது தலைகீழ்: எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 22இல் ஆரம்பித்து, புள்ளி மங்கினால் 20, ஃபைல் இன்னும் கனமாக இருந்தால் 24 என்று மாற்றி, ஒரே ஒரு வீடியோவை நாலைந்து தடவை ஓட்டிப் பாருங்கள், கண்ணே சொல்லிவிடும். பின்னணியில் ஃபேன் சத்தம்தான் என்றால் ஆடியோவையும் நீக்கிவிடலாம். 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தில் மறக்காமல் டிக் போடுங்கள். ஃபைலின் அட்டவணை முன்னால் வந்துவிடுவதால், முழுசாக இறங்கும்வரை காத்திருக்காமல் வீடியோ ஓட ஆரம்பிக்கும்.

ஆனால் பாதி வேலை ஷூட்டிங்கிலேயே இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சுருக்கும் மென்பொருள் பெரும்பாலும் முந்தைய ஃபிரேமிலிருந்து (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) என்ன மாறியது என்பதை மட்டும்தான் எழுதிவைக்கும். போனைக் கையில் பிடித்து எடுத்தால், கை லேசாக ஆடினாலும் புடவையில் இருக்கிற அத்தனை புள்ளியும் இடம் மாறும், எல்லாவற்றையும் அது துரத்திக்கொண்டு எழுதவேண்டும், இடம் போதாதபோது புள்ளியைத்தான் முதலில் கரைக்கும். போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, ஃபேனை நிறுத்தி, வெறும் சுவர் முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். இருட்டில் எடுத்தால் படமெங்கும் பொடி மணல் மாதிரி ஒன்று ஊருமே, அதுவும் அசைவுக் கணக்கில்தான் சேரும். 40 விநாடியும் எதற்கு? முந்தானை, பார்டர், உடல், 15 விநாடி தாராளம்.

கேள்வி: ஐபோனில் எடுத்துப் போட்ட வீடியோ சிலருடைய கம்ப்யூட்டரில் ஓடவில்லையாம். ஏன்?
- வாசகர், ஈரோடு

பதில்: ஐபோன் எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் எழுதியிருக்கும், அதை எல்லா பிரவுசரும் திறக்காது. கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டபிள்' வையுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றை மேலே சொன்ன ஹேண்ட்பிரேக்கில் எச்.264 என்ற பழைய முறைக்கு, எம்பி4 ஃபைலாக மாற்றிக்கொள்ளலாம்.